சதையி கேட்ட பெருநாள்

"இது மாறுமா மச்சான்?"

"உள்ளதைச் சொல்றன், தானா மாறாது. ஒரு காலத்தில மாத்தலாம்."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்ல. மாறுறதுக்கு நாம காத்திரிக்கணும். மாத்துறதுக்கு நாம வேலை செய்யணும்."

ஜவுபர் கிணற்றடியில் குந்தியிருந்து, ஈர மணலில் ஈர்க்குத் துண்டால் நீளமாக ஒன்றைக் கீறினான். வால் சிறுத்த மீன் போல இருந்தது. அதற்குள் புள்ளி புள்ளியாகக் குத்தினான்.

"இதுதான் சதையி. வயித்துக்குப் பின்னால இரிக்கி. இந்தப் புள்ளியெல்லாம் சிறுதீவு எண்டு சொல்ற. இன்சுலின் சுரக்கிறது இந்தத் தீவுகள்தான். உனக்குள்ள இருந்த தீவுகளைக் கடல் எடுத்துட்டுது ஸகியா."

"அப்ப வேற தீவு கொண்டு வாங்க."

"கொண்டு வாறன்."

"எப்ப?"

"அல்லாஹ் உசிரும் ஹயாத்தும் தந்தா பத்து வருசத்துக்குள்ள. அது மட்டும் நீ ஊசியை விட்டுராத. நான் இந்த வீட்டுக்கு வரக்குள்ள அதோடதான் வருவன். வெறுங்கையோட வரமாட்டன்."

அதற்கு ஸகியாவிடம் ஒரு பதில் இருந்தது. நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. அந்த நேரம் பார்த்து உம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார். சொல்ல வந்தது அப்படியே நின்றுபோனது.

அது எழுபத்தாறாம் ஆண்டு. அவளுக்குப் பதினைந்து வயது, அவனுக்குப் பத்தொன்பது. அவன் பேராதனைக்குப் படிக்கப் போக இரண்டு நாள் இருந்தது.

இப்போது எண்பத்து நான்கு. கிணற்றடி மணலுக்கு மேல் சீமெந்து போட்டாகிவிட்டது. அவள் சொல்ல வந்தது மட்டும் சொல்லப்படாமலே கிடந்தது.

ஸகியாவுக்குச் சீனி வருத்தம் வந்தது பதின்மூன்று வயதில். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். குடித்ததெல்லாம் போனது, அவளும் கரைந்து போனாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது தொடையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாப்பா மீராசா டொக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, இந்த மருந்து எந்த மிருகத்தில் இருந்து எடுத்தது என்பதுதான். மாட்டிலிருந்து என்றார் டொக்டர். பன்றியிலிருந்து எடுத்ததும் சில வேளை வரும் என்றார். வாப்பா அன்றைக்கே பள்ளிவாசல் லெப்பையிடம் ஓடினார். "உசிர் போற இடத்தில எது கிடைக்கிதோ அதுதான் மருந்து. போய்ப் புள்ளையைப் பாரு" என்று லெப்பை திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு ஊசி. இன்சுலின் போத்தல் இருந்தது மண் முட்டிக்குள், ஈர மணலில். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைக்க ஒரு தனிச் சட்டி. காலையில் எழுந்ததும் நீலக் கரைசலில் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கிப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூட, செங்கல் நிறம் வந்தால் மிகக் கூட. ஒவ்வொரு நாளும் நிறத்தைக் கொப்பியில் எழுதுவாள். மாதம் முடிய ஒரு பக்கம் பார்த்தெழுதிப் பேராதனைக்கு அனுப்புவாள்.

"மச்சானுக்கு மச்சி எழுதுற கடிதத்தில ஒரு பூவும் இல்ல, நிலவும் இல்ல. பச்சை மஞ்சள் சிவப்பு எண்டு மூத்திரத்துட நிறந்தான் இரிக்கி" என்று பக்கத்து வீட்டு ஹப்ஸா கேலி பண்ணுவாள். ஸகியா சிரித்துக்கொள்வாள். எட்டு வருடமும் அவன் ஒரு பக்கத்தையும் தொலைக்கவில்லை என்பது ஹப்ஸாவுக்குத் தெரியாது.

அவனுடைய கடிதங்கள் 'மாமிக்கும் மச்சிக்கும்' என்று தொடங்கும். பட்டம் பெற்ற பிறகு அங்கேயே ஆய்வுகூடத்தில் சேர்ந்திருந்தான்.

"ஓர் எலியின் சதையியிலிருந்து இம்முறை இருநூறு சிறுதீவுகள் எடுத்தேன்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். "நுணுக்குக்காட்டியின் கீழே சாயம் விட்டபோது அவை மட்டும் சிவந்து நின்றன. நான்கு நாள் உயிரோடு இருந்து இன்சுலின் சுரந்தன. ஐந்தாம் நாள் உள்ளே கறுத்துவிட்டன. எலியில் கற்றதை மாட்டில் செய்து பார்க்க வேண்டும். அதுதான் முடியவில்லை. உணவைச் செரிக்க வைக்கும் நீரும் இதே சதையியில்தான் இருக்கிறது. மாடு இறந்த பிறகு உடனே குளிரில் வைக்காவிட்டால் அந்த நீர் சதையியையே தின்றுவிடும். இங்கே மாடு அறுக்கும் இடத்திலிருந்து அது என் கைக்கு வரும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. அதற்குள் எல்லாம் கூழ்."

அந்தக் கடிதத்தை ஸகியா இரண்டு தரம் வாசித்தாள். காத்திருக்கிற எதுவும் தன்னைத்தானே தின்னும் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அவர்களுடைய கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்குக் குடிவருவான். வீடு பெண்ணின் பேரில் எழுதப்படும். அதனால் சம்பந்தம் கேட்டுப் போகிறவர்களும் பெண் வீட்டார்தான். ஆண் வீட்டார் தாமாக வாய் திறந்தால் அது குறைச்சல். வாப்பா மௌத்தாகிற வருடம் வீட்டை ஸகியாவின் பேரில் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். கேட்க வேண்டியவர் உம்மா றாஹிலா. ஜவுபரின் வாப்பா அவருடைய சொந்தத் தம்பி. கேட்டால் மறுக்கிற உறவல்ல.

"அதுக்காகத்தான் கேக்கமாட்டன்" என்பார் உம்மா. "மறுக்க மாட்டாங்க எண்டு தெரிஞ்சுகொண்டு ஒரு வருத்தக்காரப் புள்ளையைத் தம்பிட மகன்ட தலையில கட்டுறதா? நாளைக்கு மறுமையில தம்பிட மூஞ்சியில முழிக்கிறல்லியா?"

ஜவுபரின் உம்மாவோ, பெண் வீட்டார் வாய் திறக்கட்டும் என்று இருந்தார். சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர் ஒருவர் மாடி வீட்டோடு தன் மகளுக்காகக் கேட்டுவந்தார். ஜவுபர் ஆராய்ச்சி முடியட்டும் என்று சொல்லிவிட்டான். ஆராய்ச்சியோ முடிகிற மாதிரி இல்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். ஸகியாவுக்கு இருபத்து மூன்று வயதாகிவிட்டது.

சித்திரை மாதத்தில் ஒருநாள் கண்ணுக்குள் கறுத்த நூல் ஒன்று மிதந்தது. கண்ணைக் கசக்கினாள், போகவில்லை. பிறகு நூல் பலவாகி, புகை போலாகிவிட்டது. வலது கண்ணில் பாதி மறைந்தது. இடது கண்ணில் முகங்கள் தெரியும், எழுத்தும் நிறமும் கலங்கும். சிரிஞ்சின் கோடுகள் தெரியாமல் போனபோது, தள்ளுகிற தண்டில் தன் அளவுக்கு நூல் சுற்றிக் கட்டிக்கொண்டாள். நூல் தட்டும் வரை இழுத்தால் அளவு சரி. நிறத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்து, தெரிந்ததை ஊகித்து எழுதினாள். பெரும்பாலும் பச்சை என்று எழுதினாள்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உம்மா ஒருபோதும் மாப்பிள்ளை கேட்கப் போக மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு ஜீப் வந்து வாசலில் நின்றது. ஜவுபர் இறங்கினான். கூடவே ஜோர்ஜ் செபரட்ணம் இறங்கினான். ஜோர்ஜ் ஆய்வுகூட உதவியாளன், கல்முனையில் பிறந்து வளர்ந்தவன். இருவரும் பெரிய ஐஸ் பெட்டிகளையும் வாய் அகன்ற மூன்று போத்தல்களையும் இறக்கினார்கள்.

"மாமி, நாளைக்கு ஊர்க் குர்பானுக்கு உங்கட பின்வளவில எத்தின மாடு அறுக்கிற?"

"ஏழு. எட்டாவது மாடு நாளையண்டைக்கு. அதில ஸகியாட பேரிலயும் ஒரு பங்கு இரிக்கி. ஏன் மகன்?"

"அந்த எட்டு மாட்டுட சதையியும் எனக்கு வேணும்."

வெளிநாட்டிலிருந்து ஒரு நொதியம் வந்திருந்தது. சதையியின் தசையைக் கரைத்துச் சிறுதீவுகளை மட்டும் விடுவிக்கிற பொடி. மூன்று சின்னக் குப்பிகள்தான். இன்னும் சில நாள்களில் அதன் வீரியம் போய்விடும். சூடு ஆறாத சதையி ஊரில் ஒரே காலையில் இத்தனை கிடைக்கிற நாள் வேறு இல்லை. ஜீப்பை மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

குர்பான் வேலைக்குப் பொறுப்பானவர் கச்சிமுகம்மது. அவர் வாசலில் நின்று கேட்டது ஸகியாவுக்கு யன்னலடியில் கேட்டது.

"சதையி எண்டா எது தம்பி? ஈரலா?"

"ஈரல் இல்ல, கச்சிமுகம்மது காக்கா. குடல் வளைஞ்சு வாற இடத்தில ஒட்டிக்கிடக்கும். வெளிறின நிறம், நாக்கு மாதிரி நீளம்."

"அட, நாங்க காகத்துக்கு எறியிற சாமான்!"

"அதேதான்."

"காகத்துக்குப் போட்டியா ஒரு டொக்டரை உண்டாக்கத்தான் உண்ட வாப்பா உன்னைப் படிப்பிச்சாரா?" என்று கச்சிமுகம்மது சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, "குர்பான்ல ஒரு மயிரையும் விக்க ஏலா. விலை பேசாத. கேட்டு வாங்கு. ஒரு மாட்டுக்கு ஏழு பங்காளி. ஏழு பேரும் ஓம் எண்டு சொல்லணும். ஒருத்தர் இல்லெண்டாலும் நான் கத்தி வைக்கமாட்டன்" என்றார்.

"எட்டு மாட்டுக்கு ஐம்பத்தாறு பேர்" என்றான் ஜோர்ஜ். "வா மச்சான், எலெக்சன் கேக்கப் போவம்."

பெருநாளுக்கு முதல் நாள் பிடிக்கிற அறபா நோன்பைத் திறந்த கையோடு இருவரும் வீடு வீடாகப் போய்விட்டுக் களைத்து வந்தார்கள். ஐம்பத்தாறு பேரும் ஓம் என்று விட்டார்கள். "ஒரு வீட்டிலயும் ரெண்டாம் தரம் கேக்க வேண்டி வரல்ல தங்கச்சி" என்று ஜோர்ஜ் ஸகியாவிடம் சொன்னான். "'றாஹிலாட மகள்ட வருத்தத்துக்கா? எடுங்க, எடுங்க' எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. இவர்தான் ஒவ்வொரு வாசலிலயும் நிண்டு, 'அவக்கு மட்டுமில்ல, உலகத்தில அந்த வருத்தம் உள்ள எல்லாருக்கும்' எண்டு பிரசங்கம் வைச்சவர். ஆரும் கேக்கல்ல."

ஜவுபர் மூன்று போத்தல்களிலும் தெளிந்த கரைசலை ஊற்றி, நடு அறையில் ஐஸ் பெட்டிக்குள் இறக்கினான். வெயில் படாத அறை அது.

"ஸகியா, இதை உன்னட்டத்தான் தாறன். நான் அறுக்கிற இடத்தில நிப்பன். ஹப்ஸா தட்டில கொண்டு வருவா. வந்தது வந்தபடி போத்தலுக்குள்ள போகணும். கழுவப்படாது. கசக்கப்படாது. இரத்தம் கிடந்தாலும் கிடக்கட்டும். பார்த்துப் போடு. வெளங்குதா?"

பார்த்துப் போடு என்றான். எட்டு வருடத்தில் அவனுடைய ஆராய்ச்சிக்குள் அவளுக்கு அவன் கொடுத்த முதல் வேலை. தன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"வெளங்குது மச்சான்" என்றாள்.

பெருநாள் தொழுகை முடிந்து தக்பீர் ஓய்ந்ததும் பின்வளவில் வேலை தொடங்கியது. கிணற்றடியில் உம்மாவும் நான்கைந்து பெண்களும் பங்கிறைச்சி கழுவிக்கொண்டிருந்தார்கள். வீடெல்லாம் இறைச்சியும் மஞ்சளும் மணத்தன. ஐஸ் கரையத் தொடங்கியதால் ஜோர்ஜ் இன்னும் வாங்கிவர மீன் சந்தைப் பக்கம் ஜீப்பைக் கொண்டுபோயிருந்தான்.

வாழையிலையால் மூடிய தட்டை ஹப்ஸா கொண்டுவந்து வைப்பாள். ஸகியா இலையை எடுத்து, தட்டைச் சரித்து, உள்ளதைப் போத்தலுக்குள் வழுக்கிவிடுவாள். ஒவ்வொன்றாய் ஏழு. விரல் படாமல் செய்தாள். கடைசித் தட்டைச் சரித்த பிறகு, அந்த வருடம் முழுவதிலும் இல்லாத ஒரு நிம்மதி அவளுக்கு வந்தது.

ஜவுபர் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். குனிந்து முதல் போத்தலின் மூடியைத் திறந்தான். பிறகு இரண்டாவதை. பிறகு மூன்றாவதை. நிமிரவில்லை.

"ஆர் கழுவின?" என்று மெதுவாகக் கேட்டான்.

உம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். "நான்தான் மகன். ஹப்ஸா கிணத்தடியால கொண்டு போனா. இரத்தமும் அழுக்குமா அப்படியே எப்படி அனுப்புற? மஞ்சளும் உப்பும் போட்டு, நல்லா உரைஞ்சு, மூணு தண்ணியில கழுவினன். ஒவ்வொண்டுக்கும் ஸலவாத்துச் சொல்லித்தான் கழுவின. எண்ட புள்ளைட வருத்தத்துக்கு மருந்தாகப் போற சாமான். அதை நான் ஊத்தையோட விடுவனா?"

வெளியே கச்சிமுகம்மது யாரையோ கத்தி தீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன மகன்? பிழை செஞ்சனா?"

"இல்ல மாமி" என்றான் ஜவுபர். அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உங்களுக்குச் சொல்லாம விட்டது எண்ட பிழை. உப்புப் பட்டா அந்தத் தீவு சுருங்கிச் செத்திரும். உரைஞ்சா சதையிட நீர் கசிஞ்சு எல்லாத்தையும் தின்னும். பரவாயில்ல மாமி. நீங்க போங்க."

உம்மா போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஜவுபர் ஸகியாவின் பக்கம் திரும்பினான். "உனக்குச் சொன்னன்தானே ஸகியா. பார்த்துப் போடு எண்டு சொன்னன். ஏழும் மஞ்சளாக் கிடக்கு. போத்தல் தண்ணியே மஞ்சளாப் போச்சு. உனக்குத் தெரியல்லியா?"

அவள் போத்தலுக்கு நேரே குனிந்து கண்ணைச் சுருக்கினாள். அவன் அவளையே பார்த்தான். பிறகு சுவரோரத் தட்டுக்குப் போனான். காலையில் அவசரத்தில் கழுவாமல் விட்ட சோதனைக் குழாய் அங்கே நின்றது. பக்கத்தில் கொப்பி விரித்தபடி கிடந்தது. குழாயை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இது என்ன நிறம்?"

"பச்சை" என்றாள் ஸகியா.

"அல்லாஹ்வே!" என்றார் உம்மா. "செங்கல் நிறத்தை ஏன் புள்ள பச்சை எண்டு சொல்ற?"

ஜவுபர் குழாயைத் திரும்ப வைத்தான். பக்கத்தில் கிடந்த சிரிஞ்சின் தண்டில் கட்டியிருந்த நூலையும் அப்போதுதான் கண்டான். எடுத்துப் பார்த்தான். நூல் அழுக்கேறிப் பழசாகியிருந்தது.

"எவ்வளவு காலம்?"

"சித்திரைக்குப் பிறகு."

"ஏன் எழுதல்ல?"

"எழுதினா நீங்க அவசரப்படுவீங்க. அவசரப்பட்டா எலிதான் கூடச் சாகும்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவன் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "இஞ்ச கேளு. நாளைக்கே நான் தீவு கொண்டு வந்தாலும், போன கண்ணை அது திருப்பித் தராது. நான் நுணுக்குக்காட்டிக்குள்ள பார்த்துக்கொண்டு இருந்துட்டன். நீ இஞ்ச..." நூல் கட்டிய சிரிஞ்சைக் கையில் உருட்டினான். பிறகு, "மிச்சத்தைக் காப்பாத்தலாம். கொழும்புக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு தரம் போனாக் காணாது, மாசம் மாசம் போகணும். கடத்த ஏலா" என்றான்.

ஜோர்ஜ் புது ஐஸோடு வந்து நின்றான். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. ஐஸ் மூட்டையை ஓசைப்படாமல் இறக்கி வைத்தான்.

பின்னேரம் கச்சிமுகம்மது வந்தார். ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. "தம்பி, நாளைக்கு ஒரு மாடு இரிக்கி. நான் எண்ட கையால எடுத்து உண்ட கையில தாறன். கிணத்தடிப் பக்கமே வரமாட்டன். றாஹிலா ராத்தா, நீங்க நாளைக்கு மஞ்சளைப் பூட்டி வைச்சிருங்க" என்றார். உம்மாவும் கண்ணீரோடு சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு எட்டாவது மாடு அறுபட்டது. ஸகியாவின் பங்கும் அதில் இருந்தது. சொன்னபடியே கச்சிமுகம்மது ஆவி பறக்கச் சதையியைக் கொண்டுவந்தார். அது இரத்தத்தோடு, அழுக்கோடு, வேறொருவர் கையும் படாமல் போத்தலுக்குள் போனது. ஐஸ் பெட்டியின் மூடி இறுகியது. எட்டு எதிர்பார்த்த இடத்தில் ஒன்று.

ஜோர்ஜ் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். "மச்சான், மகியங்கனை வளைவெல்லாம் ஏறிப் போய்ச் சேர எட்டு மணித்தியாலம். உள்ளுக்க இருக்கிறவர் காத்திருக்க மாட்டார். கெதியா வா."

ஜவுபர் வாசலில் நின்றான். "மாமி, அடுத்த கிழமையே ஸகியாவைக் கொழும்புக்கு அனுப்புங்க. நான் பேராதனையில இருந்து வந்து நிண்டு எல்லாம் பார்க்கிறன். கண் டொக்டர் ஒருத்தரை எனக்குத் தெரியும்."

"ஆரோட மகன் அனுப்புற?" என்றார் உம்மா. "எனக்குக் கொழும்பில ஒரு தெருவும் தெரியா. வாப்பா இல்லாத புள்ள. மாசம் மாசம் எண்டு சொல்ற. குமர்ப் புள்ளையை மச்சானோட எந்த முறையில..."

பாதியில் நிறுத்திவிட்டார். அந்த வார்த்தைக்கு அடுத்த வார்த்தை எதுவென்று வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஜவுபர் மண்ணைப் பார்த்தான். அவன் கேட்கக் கூடாது; அது அவனுடைய பக்கம் அல்ல. உம்மாவின் உதடு அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. இன்றைக்கும் அவர் கேட்கப் போவதில்லை என்று ஸகியாவுக்கு விளங்கியது. தம்பி மகன் மேல் உள்ள அன்பினால்தான் கேட்க மாட்டார். இப்போது கண்ணும் போகப்போகிறது என்பதால் இன்னும் உறுதியாகக் கேட்க மாட்டார்.

ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

ஸகியா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, படியைக் காலால் தடவி, வாசலுக்கு இறங்கினாள்.

"மச்சான், நீங்க படிக்கப் போகக்குள்ள கிணத்தடியில ஒரு கதை கதைச்சோம். ஞாபகமா?"

"ஒரு சொல்லும் மறக்கல்ல."

"அதில எண்ட சொல்லு ஒண்டு விடுபட்டுப் போச்சு. உம்மா கூப்பிட்டா, நான் போயிட்டன்."

"இப்ப சொல்லு."

"மாப்பிள்ளை கேக்கிறது பொம்புளை வீட்டாக்கள்தானே?"

"ஸகியா!" என்றார் உம்மா. அந்தக் குரலில் கோபத்தை விடப் பயமே கூட இருந்தது.

"இருங்க உம்மா. ஒரே ஒரு தரம்." அவள் ஜவுபர் நின்ற பக்கமே முகத்தை வைத்திருந்தாள். புகைக்கு நடுவே அவன் முகத்தின் இடப்பக்கமும், ஒரு காதும், கலைந்த முடியும் தெரிந்தன. "சொல்லுங்க மச்சான். பொம்புளை வீட்டாக்கள்தானே கேக்கிற?"

"ஓம்" என்றான் அவன்.

"இந்த வீடு எண்ட பேரில இரிக்கி. வாப்பா எழுதித் தந்தது. அப்ப பொம்புளை வீடு எண்டா அது நான்தான். ஐம்பத்தாறு வீட்டு வாசலில நீங்க போய் எனக்காகக் கேட்டீங்க. எண்ட வாசலில நிண்டு நான் ஒருத்தரிட்டக் கேக்கப்படாதா?"

ஜோர்ஜ் கையை நீட்டி ஜீப்பின் சாவியைத் திருப்பினான். உறுமல் நின்றது. கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"வெறுங்கையோட வரமாட்டன் எண்டு சொன்னீங்க. தீவு கிடைக்கட்டும். கிடைக்காட்டியும் நீங்க தேடுங்க, நான் நிறம் எழுதித் தாறன், ஆராவது பார்த்துச் சொன்னா. எனக்கு உங்கட முகம் இன்னும் பாதி தெரியிது மச்சான். மிச்சம் இரிக்கக்குள்ள வெறுங்கையோட வாங்க. எங்கட வீட்டுக்கு மாப்பிள்ளையா வாங்க."